கொடியில் காய்ந்த வெள்ளை அங்கி

மாசி மாதத்தில் ஒரு வாரம் நாரந்தனையில் தங்கியிருந்தேன். பண்ணைத் தாம்போதியைக் கடந்து, அல்லைப்பிட்டி, வேலணை, சரவணை என்று ஊர்காவற்றுறை நோக்கிப் போகும் வீதியில் வரும் ஊர் அது. தங்கையின் வீட்டில் முதல்நாட் காலை கிணற்றடிக்குப் போனபோது, கொடியில் ஒரு வெள்ளை அங்கி காய்ந்துகொண்டிருந்தது. முழங்காலளவு நீளம். மார்புப் பையின் ஓரத்தில் போகாத ஊதாக் கறை. கடற்காற்றில் அதன் கை ஆடி ஆடி, பக்கத்தில் காய்ந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் சட்டையைத் தொட்டு மீண்டுகொண்டிருந்தது.

அங்கிக்குரியவள் என் மருமகள். வேறொரு மாவட்டத்தில், அரச நிறுவனம் ஒன்றில், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் கற்கிறாள். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஓர் இடத்தைச் சுட்டிக் காட்டினால் மற்ற இடங்களெல்லாம் தப்பித்துக்கொள்ளும். அந்த ஊதாக் கறை பற்றீரியாக்களை இனங்காணப் பயன்படும் கிராம் சாயத்தின் கறை என்று அவளே சொன்னாள்.

"உந்த அங்கியை ஏன் பிள்ளை இஞ்சை கொண்டுவந்தனீ?" என்று கேட்டேன்.

"அங்கை தோய்க்க இடமில்லை, மாமா. எல்லாரும் வீட்டைதான் கொண்டுபோறவை."

"விதி ஒண்டும் இல்லையோ?"

"இருக்கு. சுவரிலை இங்கிலீசிலை ஒட்டிக் கிடக்கு. அங்கியை வெளியிலை கொண்டுபோகக் கூடாது எண்டுதான் கிடக்கு." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "கை கழுவுற சவர்க்காரமே நாங்கள் காசு சேர்த்துத்தான் வாங்கி வைக்கிறம்."

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தி எழுதிய எனக்கு, அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு தலையங்கமே இருப்பதாகப் பட்டது. விதி இருக்கிறது. ஆனால் விதியைக் கடைப்பிடிக்க ஒரு கொக்கியும் ஒரு கூடையும் ஒரு சவர்க்காரக் கட்டியும் இல்லை. அப்படியானால் அந்தச் சுவரில் ஒட்டியிருப்பது விதியா? விபத்து நேர்ந்த பிறகு, "நாங்கள் முன்பே சொல்லியிருந்தோம்" என்று நிறுவனம் சொல்லிக்கொள்வதற்கான முற்கூட்டிய சாட்சியா?

யாரையும் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சவர்க்காரத்தில் தோய்த்து நல்ல வெயிலில் காயவிட்ட ஓர் அங்கியால் ஒரு வீடே நோயில் விழுந்துவிடும் என்று நான் கூறவில்லை. அந்த அங்கி வீட்டுக்கு வந்த ஐம்பது தடவையும் எதுவும் நடவாமற் போகலாம். ஆய்வுகூடப் பாதுகாப்பு விதிகள் ஐம்பத்தோராவது தடவைக்காக எழுதப்பட்டவை. அந்தத் தடவையில் நோய் யாரைப் பிடிக்கும் என்பதுதான் கேள்வி.

விதிகளின் பின்னே இருக்கும் கதைகளைப் பார்ப்போம். குழாயியை வாயால் உறிஞ்சாதே என்பது இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. எங்கள் காலத்தில் இரசாயனவியற் செய்முறை வகுப்பில் நாங்கள் எல்லோரும் வாயாலேதான் உறிஞ்சினோம். புளித்த அமிலம் நாக்கில் படாதவன் எங்கள் வகுப்பில் இல்லை. நுண்ணுயிரியல் ஆய்வுகூடங்களிலும் பல பத்தாண்டுகள் அதுவே வழக்கமாக இருந்தது. அமிலம் நாக்கைச் சுட்டு உடனே எச்சரிக்கும். நெருப்புக்காய்ச்சற் கிருமி அப்படிச் சுடாது. வாரக்கணக்கில் உடம்பில் தங்கியிருந்து பிறகுதான் தன்னைக் காட்டும்.

1976இல் றொபேட் பைக் என்ற அமெரிக்க ஆய்வாளர் உலகெங்கும் பதிவான ஆய்வுகூடத் தொற்றுகளைத் தொகுத்தார். 3,921 தொற்றுகள். அவற்றுள் ஐந்திலொரு பங்குக்கும் குறைவானவற்றுக்கே 'இன்ன விபத்தினால் வந்தது' என்று காரணம் காட்ட முடிந்தது. குழாய் உடையவில்லை, ஊசி குத்தவில்லை, எதுவும் சிந்தவில்லை. ஆயினும் நோய் வந்தது. கிருமி எடுத்த கம்பி வளையத்தை ஈரத்தோடு தீயில் நீட்டும்போது தெறிப்பவை, குழாயியில் எஞ்சிய கடைசித் துளியை ஊதித் தள்ளும்போது எழுபவை ஆகிய கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் காற்றில் மிதந்து மூச்சோடு உட்சென்றிருக்க வேண்டும் என்பதே நிபுணர்களின் கணிப்பு. அதே ஆண்டில் இங்கிலாந்தில் வெளியான ஆய்வொன்று, மருத்துவ ஆய்வுகூடப் பணியாளருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு ஏனையோரைவிட ஐந்து மடங்கு என்று காட்டியது.

'எனக்கு ஒன்றும் நடக்கவில்லையே' என்று ஆய்வுகூடத்தில் எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே இதன் பொருள். நடந்தது தெரியாமலே நடந்திருக்கும். ஆகவேதான் வெளியேறும்போது கை கழுவு, அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுப் போ என்று, ஒன்றுமே நடவாத நாளிலும் விதிகள் வற்புறுத்துகின்றன.

இனி, வீட்டுக்கு வரும் கிருமியின் கதை.

2010 ஓகஸ்டிலிருந்து 2011 ஜூன் வரை ஐக்கிய அமெரிக்காவின் 38 மாநிலங்களில் 109 பேருக்கு ஒரே வகைச் சல்மொனெல்லாத் தொற்று ஏற்பட்டது. ஒருவர் இறந்தார். சல்மொனெல்லா என்றதும் முட்டையையும் கோழியையும் தேடுவது சுகாதார அதிகாரிகளின் வழக்கம். இம்முறை தடயம் அவர்களை நுண்ணுயிரியல் ஆய்வுகூடங்களுக்கு, சிறப்பாக மாணவர்கள் கற்கும் ஆய்வுகூடங்களுக்கு அழைத்துச் சென்றது. நோயாளிகளிடமிருந்து கிடைத்த கிருமி, கற்பித்தலுக்கென விலைக்கு விற்கப்படும் ஒரு கிருமியினத்திலிருந்து வேறுபடுத்த முடியாததாக இருந்தது. அதைவிட முக்கியமான செய்தி ஒன்றுண்டு. நோயுற்றவர்களுள் ஆய்வுகூடத்தின் வாசலையே மிதித்திராத சிறு குழந்தைகளும் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் யாரோ ஒருவர் ஆய்வுகூடத்தில் கற்றார் அல்லது பணியாற்றினார். பேனா, குறிப்பேடு, கைப்பேசி, அங்கி என்று ஏதோ ஒன்றில் ஏறிக் கிருமி வீட்டுக்கு வரக்கூடும் என்பதால், அவற்றில் எதையும் ஆய்வு மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள் என்று எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அமெரிக்க நுண்ணுயிரியற் கழகம் கற்பித்தல் ஆய்வுகூடங்களுக்கென்றே தனியான பாதுகாப்பு வழிகாட்டியை 2012இல் வெளியிட்டது. அதன் பின்பும் 2014இல் 13 மாநிலங்களில் 41 பேருக்கு இதே வகையில் நோய் வந்தது. வழிகாட்டி அச்சானதோடு பழக்கம் மாறிவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சீனாவில் நடந்தது இன்னும் துயரமானது. சார்ஸ் நோய் அடங்கி மாதங்கள் பல கழிந்த நிலையில், 2004 மார்ச்சில் பீஜிங்கில் வைரசு ஆய்வு நிறுவனமொன்றில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த பட்டப்பின் படிப்பு மாணவி ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. அவர் அன்குவி மாகாணத்திலுள்ள தம் வீட்டுக்கு ரயிலில் போனார். வைத்தியரான தாயார் மகளைப் பக்கத்திலிருந்து பராமரித்தார். மகள் பிழைத்துக்கொண்டார். தாயார் இறந்தார். மொத்தம் 9 பேருக்கு நோய். உயிரிழந்தவர் அந்தத் தாய் ஒருவரே. செயலிழக்கச் செய்யப்பட்டுவிட்டதாக நம்பப்பட்ட வைரசு, உண்மையில் முழுமையாகச் செயலிழக்காத நிலையில், பாதுகாப்புக் குறைந்த அறையில் கையாளப்பட்டமையே காரணம் என்று விசாரணை காட்டியது. அந்த மாணவி எந்த விதியை மீறினார்? எதையும் மீறியதாகத் தெரியவில்லை. நிறுவனம் தவறியது, விலையைத் தாய் கொடுத்தார்.

கிணற்றடியில் அந்த வெள்ளைக் கை குழந்தைச் சட்டையைத் தொட்டதைக் கண்டபோது என் நினைவுக்கு வந்தவர் அந்தப் பெயரறியாத் தாய்தான். ஆய்வுகூட விதி மாணவரைக் காப்பதற்கானது என்றே நாம் நினைக்கிறோம். அந்த வாசலுக்கு வெளியே இருப்பவர்களைக் காப்பது அதன் பெரிய பாதி. பேரூந்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவர், சோறு போடும் தாய், தவழ்ந்து வந்து காலைக் கட்டிக்கொள்ளும் குழந்தை ஆகியோருக்கு அந்த விதிகளை வாசிக்கும் வாய்ப்பே இல்லை.

தமிழர்களாகிய நாம் பெருமையோடு நினைவுகூர வேண்டிய ஒரு நுண்ணுயிரியல் மாணவியின் கதையும் இங்கே சொல்லப்பட வேண்டும். எய்ட்ஸ் இந்தியாவில் இல்லை, அது மேல்நாட்டு நோய் என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்றுக்கொண்டிருந்த 32 வயது செல்லப்பன் நிர்மலா, தம் பேராசிரியை சுனிதி சொலமனின் வழிகாட்டலில், பாலியல் தொழிலாளரிடமிருந்து இரத்த மாதிரிகளைத் திரட்டினார். மூன்று மாதத்தில் 80 மாதிரிகள். கையுறை இல்லை, வேறு பாதுகாப்புச் சாதனம் எதுவும் இல்லை. இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த நீர்ப்பகுதியைப் பாதுகாத்து வைக்க வசதியில்லாததால், தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்திருந்தார். 1986 பெப்ரவரியில் கணவரோடு, பனிக்கட்டிப் பெட்டியில் மாதிரிகளைச் சுமந்துகொண்டு, இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார். அங்கே நடந்த பரிசோதனையில் 6 மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது அவ்வாறுதான்.

இக்கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்த அம்மையாரின் துணிச்சலைப் புகழ்கிறோம். புகழ வேண்டியதே. ஆனால் வெறுங்கையோடு அவர் இரத்தம் எடுத்ததையும், வீட்டுச் சாப்பாட்டுப் பொருள்கள் இருக்கும் பெட்டியில் அம்மாதிரிகளை வைத்ததையும் அந்தத் துணிச்சலின் ஒரு பகுதியாகச் சேர்த்துப் புகழ்ந்துவிடுகிறோமே, அங்கேதான் தவறுகிறோம். அது அவருடைய துணிச்சல் அன்று. அவருக்குச் செய்யப்படாத கடமை. எச்.ஐ.வி. உள்ளதா என்று தேடுவதற்கு ஒருவரை அனுப்புகிறவர்கள், அது இருக்கக்கூடும் என்று எண்ணியே அனுப்புகிறார்கள். அப்படி எண்ணிய பின்பும் கையுறை கிடைக்காத ஒரு சூழலைத் 'தியாகம்' என்ற சொல்லால் மூடிவிடுவது நம் இனத்தின் பழைய பழக்கம். போர்க்காலத்தில் எரிபொருளும் மருந்துமின்றி இயங்கிய வைத்தியசாலைகளைப் பற்றி நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அன்று வேறு வழியில்லை. வழியிருக்கும் காலத்தில் அதே சொல்லைப் பயன்படுத்தினால் அது பொறுப்பானவர்களுக்குத் தரும் மன்னிப்புச் சீட்டாகிவிடும்.

மருமகளோடு அன்றிரவு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். அவள் சொன்ன இன்னொரு சம்பவம் அங்கியைவிட என்னைக் கவலைப்படுத்தியது. செய்முறை வகுப்பில் ஒரு மாணவனின் கையிலிருந்து கிருமி வளர்த்த கண்ணாடிக் குழாய் விழுந்து உடைந்தது. விரலில் சிறு கீறல். அவன் கடதாசியால் துடைத்து, உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, ஒருவருக்கும் சொல்லவில்லை. ஏன்? உடைத்த பொருளுக்குப் பணம் கட்ட வேண்டும். அதோடு வகுப்பு முன்னிலையில் ஏச்சும் கேட்க வேண்டும். நல்வேளையாக அவனுக்கு ஒன்றும் நேரவில்லை.

ஒரு ஆய்வுகூடத்தின் பாதுகாப்பை அளக்க ஒரேயொரு அளவுகோல் தாருங்கள் என்று என்னைக் கேட்டால், 'இங்கே விபத்து நடந்தால் மாணவர் எவ்வளவு நேரத்தில் வாய் திறக்கிறார்?' என்பதையே தருவேன். இது நல்லொழுக்கப் போதனை அன்று, வைத்தியம் சம்பந்தப்பட்டது. எச்.ஐ.வி. உள்ள இரத்தம் தோய்ந்த ஊசி குத்தினால் தொற்று ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 வீதம், தடுப்பூசி போடாதவருக்கு ஈரல் அழற்சி 'பி' வைரசு தொற்றும் வாய்ப்பு 30 வீதம் வரை போகலாம். இரண்டுக்கும் குத்திய பின்னர் கொடுக்கக்கூடிய தடுப்புச் சிகிச்சை உண்டு. ஆனால் எச்.ஐ.வி.க்கான மருந்தை 72 மணித்தியாலத்துக்குள், இயன்றால் முதற் சில மணித்தியாலத்திலேயே தொடங்க வேண்டும். ஏச்சுக்குப் பயந்து திங்கட்கிழமை மறைத்ததை வெள்ளிக்கிழமை சொன்னால், அந்த மருந்துக்குப் பயனில்லை.

2012 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் 25 வயது ஆய்வாளர் ஒருவர், தாம் ஆராய்ந்துகொண்டிருந்த மூளைமென்சவ்வு அழற்சிக் கிருமியாலேயே இறந்தார். தலையிடியும் காய்ச்சலும் தொடங்கி ஒரு நாள் முடிவதற்குள் உயிர் போய்விட்டது. கிடைக்கக்கூடிய தடுப்பூசியை ஊழியர்களுக்குக் கொடுக்கவில்லை, பாதுகாப்பு அலுமாரிக்குள் வைத்துக் கிருமியைக் கையாளுமாறு வற்புறுத்தவில்லை, நோயின் முதற் குறிகள் எவை என்று பயிற்றவில்லை என்று தொழிற் பாதுகாப்பு அதிகாரிகள் பின்னர் குற்றங்கண்டார்கள். அம்மூன்றுமே கடைசியில் நிறுவனத்தின் கையில் இருந்தவை. 'சாதாரண தலையிடிதானே' என்று எண்ணும் இளைஞனுக்கு, 'நீ கையாளும் கிருமிக்கு இதுதான் முதற் குறி' என்று முன்பே சொல்லியிருக்க வேண்டியவர்கள் பெரியவர்கள்.

நம் மண்ணுக்கு வருவோம். இவையெல்லாம் அமெரிக்காவிலும் சீனாவிலும் நடந்தவை, நம்மிடம் அத்தகைய கிருமிகள் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. மெலியோய்டோசிஸ் என்றொரு நோய் இருக்கிறது. சேற்றிலும் மண்ணிலும் வாழும் பற்றீரியாவினால் வருவது. வயலில் இறங்குவோரையும் நீரிழிவுள்ளோரையும் கூடுதலாகத் தாக்குவது. இலங்கையில் முதல் நோயாளி 1927இலேயே பதிவானார். ஆயினும், 2006 முதல் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவபீட நுண்ணுயிரியலாளர்கள் தேடத் தொடங்கிய பின்னரே அது இந்நாட்டில் பரவலாக உள்ளது என்று தெரியவந்தது. அதுவரை பல ஆய்வுகூடங்களில் இக்கிருமி வளர்ந்தபோது, 'வெளியிலிருந்து கலந்த மாசு' என்று தட்டை ஒதுக்கிவிட்டிருக்கக் கூடும். இதைத் திறந்த மேசையில் கையாளக்கூடாது. ஆனால் கிருமி வளர்ந்த தட்டைத் திறந்து முகர்ந்து பார்த்து 'இது இன்னது' என்று சொல்லும் வழக்கம் பழைய தலைமுறை ஆய்வுகூடங்களில் ஒரு கைத்திறனாகவே போற்றப்பட்டது. மெலியோய்டோசிஸ் உள்ள நாட்டில் தட்டை முகர்வது, மூடிய பெட்டிக்குள் பாம்பு இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்ப்பது போன்றது.

அத்தோடு வட மாகாணத்தில் ஆய்வுகூடங்களின் பொறுப்பு பெருகிவருகிறது. 2020 ஏப்ரலில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீட ஆய்வுகூடத்தில் கொரோனாப் பரிசோதனை தொடங்கியபோது, மாதிரிகளைத் தெற்குக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த நிலை மாறியது. 2024 டிசெம்பரில் குடாநாட்டில் பலரைப் பலிகொண்ட காய்ச்சல் எலிக்காய்ச்சல்தான் என்று உறுதிப்படுத்தியதும் ஆய்வுகூடப் பரிசோதனையே. அடுத்த காய்ச்சல் வரும்போதும் முதலில் அதன் இரத்தத்தைத் தொடப்போகிறவர்கள் இன்று செய்முறை வகுப்பில் நிற்கும் இந்தப் பிள்ளைகள்தான். அவர்களின் பழக்கம் இப்போதே உருவாகிறது. சவர்க்காரம் இல்லாத தொட்டியில் கற்ற பழக்கம் பிறகு சவர்க்காரம் வந்தாலும் எளிதில் மாறாது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் நம் பிள்ளைகளுக்கு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு உடற்கூற்றியலையே தமிழில் சொல்ல முடிந்த ஊரில், 'கை கழுவு' என்பதை இன்று இங்கிலீசில் மட்டும் ஒட்டி வைத்திருக்கிறோம். பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடக்கட்டும். அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. ஆனால் உயர்தரம் வரை தமிழில் கற்று, தயிரிலும் கள்ளிலும் உள்ள நுண்ணங்கிகளை நுணுக்குக்காட்டியில் முதன்முறை பார்த்துவிட்டு வரும் தீவகத்துப் பிள்ளைக்கு, ஆபத்து நேரத்தில் மூளை ஓடுவது தாய்மொழியில்தான். ஆய்வுகூடத்தைக் கூட்டித் துடைக்கும் சிற்றூழியருக்கோ ஆங்கில விதி வெறும் சுவர் அலங்காரம். குப்பைக் கூடையில் கிடந்த அந்த உடைந்த குழாயை மறுநாள் அள்ளியவர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. காரணத்தோடு சொல்ல வேண்டும். 'மேசையை 70 வீத அற்ககோலால் துடை' என்பதோடு, தூய அற்ககோல் விரைவில் ஆவியாகிவிடும், கிருமியின் புரதத்தைக் குலைக்க நீரும் வேண்டும் என்பதைச் சேர்த்துச் சொன்னால், 'கூடுதல் வீதம் கூடுதல் நல்லது' என்று எந்த மாணவரும் எண்ணமாட்டார். வெளிற்றும் திரவத்தை அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும், நம் வெப்பத்தில் நேற்றுக் கலந்தது இன்று வலுவிழந்துவிடும் என்றால், பழைய போத்தலை எவரும் நம்பமாட்டார். கிருமி கொல்லும் நீராவிக் கலத்தில் 121 பாகை வெப்பம் 15 நிமிடம் நிற்க வேண்டும், நெருக்கி அடைத்தால் நடுவிலுள்ள பொதிக்கு அந்த நீராவி போய்ச் சேராது என்று விளங்கினால், அவசரத்துக்கு அடைப்பவர் கை சற்றுத் தயங்கும். காரணம் அறிந்தவர் மேற்பார்வை இல்லாதபோதும் விதியைக் காப்பார்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று நிர்வாகிகள் கேட்பார்கள். பாதுகாப்பு அலுமாரிக்குப் பெரும்பணம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்பவற்றைப் பாருங்கள். ஆய்வுகூட வாசலில் ஆளுக்கொரு கொக்கி, அழுக்கு அங்கிகளுக்கு ஒரு மூடிய கூடை, அவற்றை நிறுவனமே வெந்நீரில் தோய்க்க ஓர் ஏற்பாடு. வற்றாத தண்ணீர்க் குழாயும் சவர்க்காரமும். செய்முறை வகுப்புத் தொடங்குமுன் எல்லா மாணவருக்கும் ஈரல் அழற்சி 'பி' தடுப்பூசி. தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் காரணத்தோடு எழுதிய விதிகள். இரவிலும் விடுமுறையிலும் அழைக்கக்கூடிய ஒரு தொலைபேசி இலக்கம். இறுதியாக, ஒரு விபத்துப் பதிவேடு. அதில் எழுதியவருக்குத் தண்டமும் இல்லை, ஏச்சும் இல்லை, புள்ளிக் குறைப்பும் இல்லை என்று பீடாதிபதியின் கையொப்பத்தோடு முதற் பக்கத்தில் இருக்க வேண்டும். உடைந்த குழாயின் விலையை மாணவரிடம் அறவிடும் வழக்கத்தை அன்றே நிறுத்த வேண்டும். இந்தப் பட்டியலில் எதற்கும் வெளிநாட்டு உதவி தேவையில்லை.

புலம்பெயர்ந்த நம் உறவுகள் ஊர்ப் பாடசாலைகளுக்கும் பீடங்களுக்கும் நுணுக்குக்காட்டியும் கணினியும் வாங்கிக் கொடுக்கிறார்கள். நன்றி. அடுத்த முறை பொருள் வாங்குமுன், 'கை கழுவும் தொட்டியில் தண்ணீர் வருகிறதா?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். கல்வெட்டில் பெயர் பொறிக்க இயலாத நன்கொடை அது. ஆனால் நுணுக்குக்காட்டிக்கு முன்பே தேவைப்படுவது.

மாணவருக்கும் ஒரு சொல். வசதி இல்லை என்பது உண்மை. அதற்காகக் குரல் கொடுப்பதும் உங்கள் உரிமை. ஆனால் வசதி வரும்வரை உங்கள் கையில் இருப்பவற்றை விட்டுவிடாதீர்கள். வகுப்பறைப் பேனா வகுப்பிலேயே இருக்கட்டும். கைப்பேசி பையை விட்டு வெளியே வரவேண்டாம். காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் முதல் வாக்கியமாக, 'நான் ஆய்வுகூடத்தில் இன்ன கிருமியோடு வேலை செய்கிறேன்' என்று சொல்லுங்கள்.

ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளன்று மருமகள் அங்கியை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். தங்கை ஒரு பழைய அரிசிப் பையைக் கொண்டுவந்து, "இதுக்குள்ளை போட்டுக் கட்டிக்கொண்டு போ" என்றாள். மகள் சொன்னவற்றையும் நான் சொன்னவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இனி அங்கியை அங்கேயே வாளியில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்துத் தோய்ப்பது என்று மருமகளும் அவளுடைய கூட்டாளிகள் நால்வரும் தீர்மானித்திருக்கிறார்களாம். வாளியை அவர்களே வாங்கப்போகிறார்கள். அந்த வாளியின் விலை ஐந்து பிள்ளைகளின் பையிலிருந்து போகக்கூடாது. அதற்காகவே இதை எழுதினேன்.